வட்டுக்கோட்டையில் எழுந்த வானநூல்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பிற்பகல் ஒன்றேகால் மணி கடந்ததும் கேலாங் வானத்தில், சிங்கப்பூரின் பிற பகுதிகளிற் போலவே, சூரியன் ஒரு வளையமாயிற்று. ஏறத்தாழ இரண்டு நிமிடமே நின்ற அவ்வளையம் எந்த நிமிடத்தில் தோன்றும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனால், கிரகணம் தொடங்கும் நேரத்தில் பதினைந்து நிமிடம் வேறுபட்டது பற்றித் தமிழர் ஊரொன்றில் பெரும் வழக்கு எழுந்த காலமும் உண்டு.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய கல்லூரிக்கு டானியல் பூவர் தலைவராயிருந்தார். பஞ்சாங்கம் கணித்து வந்த விசுவநாத சாத்திரியார் அயலூராகிய அராலியைச் சேர்ந்தவர், புலவருமாவார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைச் சாத்திரியார் தம் பஞ்சாங்கத்திற் குறித்திருந்தார். பூவர் அதனை மேல்நாட்டு முறையிற் கணித்துப் பார்த்தார். தொடக்கத்தில் 15 நிமிடமும், நீடிக்கும் காலத்தில் 24 நிமிடமும், மறைபடும் அளவில் 3 அங்குலமும் வேறுபட்டன. (அங்குலமாவது சந்திர வட்டத்தின் குறுக்களவிற் பன்னிரண்டில் ஒரு கூறு.) கிரகணம் வந்தபோது பூவர் கணக்கே நின்றது.

பூவரின் நோக்கம் பஞ்சாங்கத்தைத் திருத்துவது மட்டுமன்று. மேருமலையும் ஏழு கடலும் கூறும் புராணத்தைப் பொய்யென்று காட்டிச் சமயத்தையே அசைக்க எண்ணினார். ஆயினும் சாத்திரியார் மேருவைக் கொண்டு கணிக்கவில்லை. அவர் கையாண்டது சித்தாந்தக் கணிதம். அதில் பூமி உருண்டை. சந்திர கிரகணம் பூமியின் நிழல். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பும் வழக்கம் இன்னும் நம் வகுப்பறைகளை விட்டு நீங்கவில்லை.

அக்கணிதத்தின் ஆற்றலை அறியப் புதுச்சேரிக்குச் செல்லவேண்டும். அங்கே ஒரு தமிழ்க் கணிதர், 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பார் எழுதி வைத்துள்ளார். கணிதர் ஏட்டில் ஓர் எண்ணும் எழுதவில்லை. தரையில் சோழிகளை வைத்து, அட்டவணைகளை மனத்திலிருந்தே சொல்லிக் கணித்தார். பிழை, தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. முடிவுப் பிழை சிறிதன்று. ஆயினும் கையில் நூலொன்றும் இல்லை என்பதை நினைக்க வேண்டும். 1952இல் நியூகெபாவர் என்னும் கணித வரலாற்றறிஞர் இம்முறையை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார்.

மனப்பாடம் எவ்வாறு கைகூடிற்று? சந்திரன் பூமியை நெருங்கி, அகன்று, மீண்டும் நெருங்கும் சுற்று ஒன்பது முறை நிகழ ஏறக்குறைய 248 நாள் ஆகும். நாளுக்கொன்றாகச் சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்கள் வரருசி பெயரால் வழங்குகின்றன. அவற்றில் எழுத்துகளே எண்கள். விவரம் அறியாதவர் செவியில் அவை வெறும் வடமொழித் தொடர்களாகவே விழும்.

பூவருக்குப் பின் 1836இல் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டனுக்கு ஒன்று விளங்கிற்று. மறுப்பதற்கும் முதலிற் கற்கவேண்டும். 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ‘ஓரியண்டல் அஸ்திரானமர்’ வெளிவந்தது. தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்புகள் என அமைந்த அந்நூல் இந்திய வானநூற் கணிதத்தை முறையாக எடுத்துரைத்தது. வென்ற கட்சியார், தோற்றவரின் கணிதத்தைத் தம் அச்சகத்திலேயே அச்சேற்றினர்! மாணவர் இருமுறையையும் அருகருகே வைத்துக் கணிக்க வழி பிறந்தது.

கல்லூரி 1855இல் மூடப்பட்டது. வழக்கின் சுவடு மட்டும் அழியவில்லை. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் தமிழரிடையே வழங்குகின்றன; ஒரே நாளுக்கு இரண்டும் காட்டும் திதி நேரம் ஒத்துவருவதில்லை.