நில்கலவுக்குத் திரும்பி வந்த இருவர்

சென்ற வாரம் பண்டாரவளை சேர்ச் ஹில்லில் நின்றுவிட்டோம். ஹார்ட்லி அந்தக் குன்றில் கண்டெடுத்து 1913-இல் எழுதிய நுண்கற்கருவிகளைப் பார்த்தோம். பிறை வடிவில், முக்கோண வடிவில், விரல் நகத்தை விடச் சற்றே பெரிதாக இருக்கும் அலகுகள் அவை. இந்த வாரம் எல்ல இராவணன் குகைக்குள் பி.ஈ.பி. தெரணியகல இறங்கிய கதையைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அந்தக் குகை வாசல் வரை போய்விடுவோம். ஆனால் உள்ளே இறங்குமுன் பாசல் நகரத்து இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

எல்ல–வெல்லவாய வீதியிலிருந்து அந்தக் குகைக்கு ஏறும் படிக்கட்டு செங்குத்தானது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,370 மீற்றர். மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: “சுவரில செதுக்கினது எங்க இருக்கு?” இராவணன் சீதையை மறைத்து வைத்த இடம் என்று கேள்விப்பட்டு வந்தவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், ஆதிமனிதன் வாழ்ந்த இடம் என்று படித்துவிட்டு வந்த மாணவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். டோர்ச் வெளிச்சத்தைச் சுவரெங்கும் ஓட்டிவிட்டு ஒன்றும் காணாமல் இறங்கிப்போகிறார்கள்.

கேள்வியில் பிழையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், வயநாட்டின் அம்புகுத்தி மலையில் இடக்கல் குகை இருக்கிறது. இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே இன்னொரு பாறை விழுந்து சிக்கியதால் கூரை கிடைத்த இடைவெளி அது. அதன் இரு சுவர்களிலும் தலையணி தரித்த மனித உருவங்கள், விலங்குகள், சக்கரங்கள் எல்லாம் ஆழமான கோடுகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தார் எழுதிய பிராமி எழுத்துகளும் அதே சுவரில் உண்டு. மலபார் பொலிஸ் அதிகாரி ஃபாசெட் 1901-இல் அதைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். நம் நாட்டிலும் கேகாலைப் பக்கம் தொரவக்ககந்த குகையில் பாறைச் செதுக்கல்கள் உள்ளன. வயநாடும் காப்பித் தோட்டம் போட்ட மலை, நம் ஊவாவும் காப்பித் தோட்டம் போட்ட மலை. அங்கே சுவரில் கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது இயல்புதான். ஊவாவின் குகைகளில் பார்க்க வேண்டிய இடம் சுவரல்ல, தரை. அதை உலகுக்கு முதலில் காட்டியவர்கள்தான் அந்தப் பாசல்காரர்கள்.

போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின். பலர் நினைப்பதுபோல உடன்பிறந்தவர்கள் அல்லர், உறவுமுறைச் சகோதரர்கள். சுவிற்சர்லாந்தின் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள், விலங்கியல் படித்தவர்கள், வாழ்நாள் முழுவதும் சேர்ந்தே பயணம் போய்ச் சேர்ந்தே எழுதியவர்கள். 1883-இல் இலங்கைக்கு முதன்முறை வந்தார்கள். காப்பியை இலைநோய் தின்று தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறத் தொடங்கியிருந்தன. இவர்களுடைய கவனமோ காட்டுக்குள் வாழ்ந்த வேடர்கள் மீது திரும்பியது. அந்த ஆய்வின் பயனாக 1892–93-இல் வேடர்களைப் பற்றி ஒரு பெருநூலே வெளியிட்டார்கள்.

அந்த நூலில் அவர்கள் எடுத்த முடிவு: வேடர்களுக்குக் கற்காலமே இருந்ததில்லை. மரத்தையும் சிப்பியையும் எலும்பையும் வைத்துப் பிழைத்த மக்கள், பின்னர் சிங்களக் கொல்லர்களிடமிருந்து நேரே இரும்புக்கு வந்துவிட்டார்கள் என்று கருதினார்கள். இரும்புக் கதைக்குப் பழைய சாட்சி இருந்தது. வேடர்கள் இறைச்சிச் சுமையையும், தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் இரவில் கொல்லன் பட்டறையில் வைத்துவிட்டுப் போவார்கள் என்று 1681-இலேயே ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஆகவே கல் தேவைப்படவில்லை என்ற முடிவு அன்று பொருத்தமாகத்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் மதிப்புப் பெற்ற நூல் அது. அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் நிற்கவில்லை. 1902-இல் செலிபிஸ் தீவின் தென்பகுதியில் தோஆலா மக்களின் குகைகளைத் தோண்டினார்கள். தரைக்கடியில் கல் அம்புமுனைகள் கிடைத்தன. அங்கே குகைவாசிகளுக்குக் கற்காலம் இருந்திருந்தால் இலங்கையில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? இருபது ஆண்டுக்கு முன் தாங்கள் சரியாகத் தேடினோமா? அந்தக் கேள்வியோடு 1907-இல் ஐம்பது வயதை ஒட்டிய இருவரும் மறுபடி கப்பலேறினார்கள். தாங்கள் எழுதிப் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே சோதிக்க இத்தனை தூரம் வந்தவர்களை வரலாற்றில் நான் அதிகம் கண்டதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

அன்று மலையக ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குத் தண்டவாளம் வந்தது 1924-இல்தான். பசறை, லுணுகலைத் தோட்டங்களைத் தாண்டிப் பிபிலைப் பக்கம் இறங்கினால் குளிர் விட்டுப் போகும், மலைகள் தாழும். கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் புல்வெளிக்கு நடுவே தனித்தனியாக நிற்கும். நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக மருந்து தேடிப்போன பூமி அது. அந்த நில்கலவின் பாறைக் குகையில்தான் சரசின்கள் தரையைத் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்தது கல், குவார்ட்ஸ் எனப்படும் நம் வெள்ளைக்கல். சும்மா உடைந்த கல்லல்ல, மனிதக் கை தட்டிக் கூராக்கிய அலகுகள். 1908-இல் ‘இலங்கையின் கற்காலம்’ என்று பொருள்படும் ஜெர்மன் நூலாக அது வெளிவந்தது. இல்லை என்று எழுதிய அதே கைகள், உண்டு என்று எழுதின.

முதல்முறை ஏன் தவறவிட்டார்கள்? காரணம் கல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஐரோப்பாவின் கற்கருவிகளில் பெரும்பகுதி தீக்கல்லில் செய்தவை. அது தட்டினால் சிப்பிபோல் வழவழவென்று செதில் பிரியும், மனிதக் கைவேலை பளிச்சென்று தெரியும். நம் வெள்ளைக்கல் அப்படியல்ல. உள்ளுக்குள் ஏற்கெனவே விரிசல் ஓடிய கல், அடித்தால் நினைத்தபடி உடையாது, தாறுமாறாகத் தெறிக்கும். இயற்கையாக உடைந்த துண்டும் கருவியும் ஒன்றுபோலவே தோன்றும். தீக்கல்லுக்குப் பழகிய கண்ணுக்கு இது கருவியென்று படுவது கடினம். இத்தனை பிடிவாதமான கல்லில் பிறையையும் முக்கோணத்தையும் கொண்டுவந்தவர்களின் கைத்திறனை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

மலைநாட்டில் இதைக் கவனித்த வேறொருவரும் உண்டு. மஸ்கெலியாவில் தோட்டத்துரையாக இருந்த ஜோன் போல் கற்கருவிகளைச் சேகரித்து, 1913-இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவருக்குரிய பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டங்களில் மண்ணைப் புரட்டியவர்கள் துரைமார் அல்லர். கான் வெட்டியதும், குழி போட்டதும், பாதை அறுத்ததும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார். ஊவாவின் பத்தனைப் புல்மலைகளிலும் தேயிலை மலைகளிலும் மழை மேல்மண்ணைக் கழுவிப்போன இடமெல்லாம் வெள்ளைக்கல் சில்லுகள் கிடக்கும். எத்தனை ஆயிரம் முறை அந்த மண்வெட்டிகள் இவற்றில் மோதியிருக்கும்! அந்தக் கைகளுக்குரிய பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சரசின்களை நாயகர்களாக்கிவிட்டேன். மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நியாயமல்ல. வேடர்களின் மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்துப் பாசலுக்குக் கொண்டுபோனவர்களும் இவர்களே. செத்தவர்களின் சந்ததியார் அதே காட்டில் உயிரோடு இருந்தபோதே இது நடந்தது. மனிதரை ‘உயர்ந்தது, தாழ்ந்தது’ என்று படிவரிசையில் அடுக்கும் அக்காலத்து அறிவியலுக்கு அந்த எலும்புகள் தேவைப்பட்டன. காலம் அப்படி என்று சொல்லி நான் அதை மன்னிக்கத் தயாரில்லை. போல் சரசின் பிற்காலத்தில் சுவிஸ் தேசியப் பூங்காவை உருவாக்கப் போராடினார், 1914-இல் அது பிறந்தது. மலையாட்டுக்கும் பைன் மரத்துக்கும் காட்டிய அந்தப் பரிவை வேடர் கல்லறைகளுக்கும் காட்டியிருக்கலாம்.

சுவர்ச் சித்திரம் கேட்டவர்களுக்கும் ஒரு செய்தி தருகிறேன். சரசின்களுக்கு அடுத்தபடியாக வேடர்களிடம் வந்த செலிக்மன் தம்பதியர், 1911-இல் வெளியான தம் நூலில் குகை ஓவியங்களைப் பதிவு செய்தார்கள். சாம்பலை எச்சிலில் குழைத்து, சுட்டுவிரலால் பாறையில் தீட்டிய மனிதர், நாய், மான் உருவங்கள். வரைந்தவர்கள் பெண்கள், வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை காத்திருந்த பொழுதில் வரைந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சாம்பல் ஓவியத்துக்கு ஆயுள் குறைவு. வயநாட்டில் வெட்டிய கோடு நிற்கிறது, இங்கே தீட்டிய விரல்தடம் மழைச்சாரலில் கரைந்தது.

அதனால்தான் குகைத் தரையைப் பற்றி இத்தனை பதறுகிறேன். இன்று ஊவாவின் குகைகளுக்குப் பெரிய எதிரி புதையல் தோண்டுபவன். பூசை போட்டு, இரவில் அலவாங்கோடு போய், அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை ஒரே இரவில் கலக்கிவிடுகிறான். தங்கம் கிடைப்பதில்லை. எந்தச் சில்லு எந்த அடுக்கில், எந்த அடுப்புச் சாம்பலின் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி மட்டும் என்றைக்குமாக அழிந்துபோகிறது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் 48,000 ஆண்டுப் பழைமையான எலும்பு அம்புமுனைகளை 2020-இல் அறிவிக்க முடிந்தது அங்கே அடுக்குக் கலையாமல் இருந்ததால்தான். தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குகையில் புதுக்குழி கண்டால் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ அன்றைக்கே சொல்லுங்கள். வெள்ளைக்கல் சில்லு கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

இராவணன் குகையில் 1940-களில் தெரணியகல கண்ட மனித எலும்புகளையும், அவற்றுக்கும் பலாங்கொடை மனிதனுக்கும் உள்ள உறவையும் அடுத்த இதழில் எழுதுகிறேன். இந்தக் கற்கருவிகளைச் செய்தவர்கள் வேடர்களின் முன்னோர்தான் என்று சரசின்கள் ஊகித்தது சரியா என்பதும் அங்கேதான் தெரியும்.

(தொடரும்)