ஹைப்பர்கார்டு: இலவசமாய்ப் பிறந்த ஒரு மென்பொருளின் கதை

எழுத்து, படம், ஒலி மூன்றையும் சேர்த்து, பார்ப்பவர் சொடுக்கச் சொடுக்க மாறும் ஒரு காட்சியை உருவாக்க இன்று எத்தனையோ மென்பொருட்கள் இருக்கின்றன. 1980களின் நடுவில் அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் சாதாரண மக்கள் கையில் கொடுத்த மென்பொருட்களில் முக்கியமானது ஹைப்பர்கார்டு.

இதை உருவாக்கியவர் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன். மேக்பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருளை எழுதியவரும் இவரே. ஹைப்பர்கார்டை ஆப்பிளுக்குக் கொடுக்க அவர் ஒரு நிபந்தனை வைத்தார். விற்கும் ஒவ்வொரு மெக்கின்டாஷ் கணினியுடனும் அதை இலவசமாகத் தர வேண்டும்! ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 1987 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் அது வெளியானது. ஏற்கனவே கணினி வைத்திருந்தவர்களுக்கு விலை 49.95 டாலர்.

அமைப்பு மிக எளிது. திரையில் தெரியும் ஒரு பக்கத்துக்குப் பெயர் 'கார்டு'. பல கார்டுகள் சேர்ந்தால் ஒரு 'ஸ்டாக்', அதாவது அட்டைக்கட்டு. கார்டில் எழுத்து, படம், பொத்தான் எதையும் வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை, டான் விங்க்லர் உருவாக்கிய ஹைப்பர்டாக் மொழியில் எழுத வேண்டும். 'கோ டு நெக்ஸ்ட் கார்டு' என்று எழுதினால் அடுத்த கார்டு வந்துவிடும், அவ்வளவுதான்! ஆசிரியர்கள் பாடங்கள் செய்தார்கள். கடைக்காரர்கள் சரக்குப் பட்டியல் போட்டார்கள்.

பெரிய படைப்புகளும் வந்தன. 1989ல் வாயேஜர் நிறுவனம் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனிக்கு ஒரு விளக்கத் தொகுப்பை இதில் வெளியிட்டது. குறுந்தகட்டில் இசை ஓட, திரையில் விளக்கம் வரும். 1993ல் மில்லர் சகோதரர்கள் இதில் உருவாக்கிய 'மிஸ்ட்' என்ற விளையாட்டு 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆனால் வணிகக் கண்ணோட்டத்தில் இங்கேதான் சிக்கல். 'மிஸ்ட்' எத்தனை விற்றாலும் ஹைப்பர்கார்டின் வரவுக் கணக்கில் ஒன்றும் ஏறாது. அதற்காகவே மெக்கின்டாஷ் வாங்கியவர்கள் இருந்தாலும், அந்த வருமானம் கணினி விற்பனையில்தான் சேரும். இலவசப் பொருளுக்குச் செலவுப் பக்கம் மட்டுமே உண்டு.

1990ல் ஆப்பிள் அதைத் தன் துணை நிறுவனமான கிளாரிஸிடம் ஒப்படைத்தது. கிளாரிஸ் மென்பொருள் விற்றுப் பிழைக்கும் நிறுவனம். முழு ஹைப்பர்கார்டு விலைக்கு வந்தது. புதிய கணினிகளுடன் இலவசமாகக் கிடைத்தது, பிறர் செய்ததைப் பார்க்க உதவும் பதிப்பு மட்டுமே. படைப்பாளிகளாக இருந்திருக்க வேண்டியவர்கள் பார்வையாளர்களாக ஆனார்கள்.

சில ஆண்டுகளில் ஆப்பிள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனாலும் வண்ணம் கடைசிவரை இணைப்பு நிரல் மூலமாகவே வந்தது. 1996ல் செய்துகாட்டப்பட்ட மூன்றாம் பதிப்பு வெளிவரவே இல்லை. இதற்கிடையில் இணையம் வளர்ந்தது. ஹைப்பர்கார்டின் இணைப்புகளோ ஒரே கணினிக்குள் நின்றுவிட்டன. 2004 மார்ச்சில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2006ல் வந்த இன்டெல் மெக்கின்டாஷ்களில் பழைய ஸ்டாக்குகள் நேரடியாக ஓடவில்லை.

ஆனால் அந்த யோசனை சாகவில்லை. வார்டு கன்னிங்ஹாம் முதலில் ஹைப்பர்கார்டில் செய்துபார்த்த ஓர் அட்டைக்கட்டின் யோசனையே, 1995ல் அவர் உருவாக்கிய முதல் விக்கியாக வளர்ந்தது. 2017ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய ஸ்டாக்குகளை உலாவியிலேயே திறக்க வழி செய்தது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார்.

லாபம் தராத பொருளை ஒரு நிறுவனம் கைவிடுவது இயல்புதான். ஆனால் ஹைப்பர்கார்டு கைவிடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் உழைத்துச் செய்த பாடங்களும் கதைகளும் சேர்ந்தே முடங்கின. அந்த இழப்பை எழுத எந்தப் பேரேட்டிலும் ஒரு பத்தி கிடையாது.