ரயிலேறி வந்த டென்ஷன்

‘ஒரே டென்ஷன்பா’ என்று ஒரு நாளாவது அலுத்துக்கொள்ளாத ஆளை ராயபுரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்று அதற்கு டாக்டர் உண்டு, மாத்திரை உண்டு, ஆபீஸில் அரைநாள் பயிலரங்கம்கூட உண்டு. ஆனால் இந்தச் சங்கதி பிறந்த இடம் ஆஸ்பத்திரி அல்ல, ரயில் தண்டவாளம்.

1842 மே மாதம், வெர்சாயில் அரசர் விழாவைப் பார்த்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஏறி மோதித் தீப்பிடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அச்சு நல்ல இரும்பு. நாள்தோறும் அதே பாரத்தைச் சுமந்ததுதான். பிறகு ஏன் முறிய வேண்டும்? ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இரும்பு அச்சுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துப் பார்த்து விடை கண்டார். ஒரு தடவை சுலபமாகத் தாங்குகிற பாரமே திரும்பத் திரும்ப ஏறினால் இரும்பை முறித்துவிடும். பாரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் அதே இரும்பு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆகவே வோலர் இரும்பின் தரத்தை மட்டும் பார்க்கவில்லை, பாரத்தையும் அளந்தார்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அடுத்த பத்தாண்டில் லண்டனில் ஒரு புது நோய் முளைத்தது. ரயில் விபத்தில் கீறல்கூட இல்லாமல் தப்பியவர்கள் சில நாள் கழித்துத் தூக்கமின்றி நடுங்கினார்கள். முதுகுத்தண்டு அதிர்ந்ததுதான் காரணம் என்று 1866இல் எழுதினார் ஜான் எரிக் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர். ‘ரயில்வே முதுகெலும்பு’ என்றே அந்த நோய்க்குப் பெயர் விழுந்தது. நஷ்டஈடு வழக்குகள் குவிந்தன. கம்பெனி சும்மா இருக்குமா? ரயில் கம்பெனி மருத்துவர் ஹெர்பர்ட் பேஜ் 1883இல் ஒரு புத்தகமே போட்டார்: தண்டுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பயம்தான் என்று. முதலாளியின் பணத்தை மிச்சம் பிடிக்கக் கிளம்பிய வாதம், வெறும் பயமே ஒருவரை நோயாளி ஆக்கும் என்பதை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது!

அதற்கான சான்று நம் துறைமுகத்துக்கே வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகள் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சுட்டது அரை மணி நேரம். கப்பல் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டைமுடிச்சோடு ஊரைக் காலிசெய்தார்கள். கண்டிப்பான அப்பாக்களுக்கு அந்தக் கப்பலின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, பிரான்ஸ் போர்முனையில் குண்டு வெடிப்பில் பார்வையும் நினைவும் குழம்பிய மூன்று சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் அச்சேறியது அப்போதுதான்.

அடுத்த திருப்பம் ஒரு தோல்வி. மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசி போட்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. ‘கிடைத்துவிட்டது’ என்று குதித்தவர், வெறும் ஃபார்மலினை ஏற்றியபோதும் அதே வீக்கத்தையும் அதே புண்ணையும் கண்டார். ஹார்மோன் கனவு போயிற்று. ஆனால் எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்ற சேதி மிஞ்சியது. 1936இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்தச் சின்னக் கடிதம்தான் இன்றைய மன அழுத்த ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி.

சரக்கு என்று ஒன்று இருந்தால் வியாபாரி வராமல் இருப்பாரா? இதய நோய்க்குக் காரணம் டென்ஷன் என்றால் பழி சிகரெட்டின் மீது விழாதே! புகையிலைத் தொழில் செல்யேவுக்குப் பணம் கொடுத்தது. 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் அந்தத் தொழிலுக்குச் சாதகமாகப் பேசினார்.

இதற்கிடையே ஹவாயின் கவாய் தீவில் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் கேள்வியையே திருப்பிப் போட்டிருந்தார். 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தது அவர் குழு. வறுமை, குடி, சண்டை என்று எல்லாப் பாரமும் ஏறிய பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. பாட்டியோ அத்தையோ டீச்சரோ, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர் இருந்தார். ஆனால் காப்பியடித்தவர்கள் பாட்டியை விட்டுவிட்டு ‘மீள்திறன்’ என்பதை மட்டும் பயிலரங்கச் சரக்காக்கிக்கொண்டார்கள். மீதி இரண்டு பங்குப் பிள்ளைகளைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அந்த மாதிரிச் சரக்கு 2004 சுனாமிக்குப் பின் நம் கரைக்கும் வந்தது. காசிமேடு முதல் எண்ணூர் வரை வீடிழந்தவர்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் குடிவைத்த நேரம். தமிழகக் கரையிலும் இலங்கையிலும் ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். சிலர் கையில் இருந்தது, பேரிடர் முடிந்த கையோடு நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை. அமெரிக்காவில் தீயணைப்பு வீரராக இருந்து உளவியலாளரான ஜெஃப்ரி மிட்செல் 1983இல் தம் சகாக்களுக்காக வகுத்தது அது. ஒரே அமர்வில் பேசவைப்பது வேண்டாம் என்று சர்வதேச உதவி அமைப்புகளின் வழிகாட்டி நெறிகள் 2007இல் சொல்லிவிட்டன. பாதுகாப்பு, குடும்பம், பிழைப்பு இவற்றை முதலில் மீட்டுக் கொடுங்கள் என்பதே அவற்றின் சாரம்.

எண்ணூரில் அந்தப் பிழைப்பு எப்படி இருக்கிறது? 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு மறுபடி எண்ணெய். மீனவர்கள் மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இவ்வளவுக்கும் ‘வடசென்னைக்காரன் தாங்குவான்’ என்று ஒரு பாராட்டுப் பத்திரம் எப்போதும் தயாராக இருக்கிறது. வோலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பாரம் எவ்வளவு, எத்தனை தடவை ஏற்றினீர்கள் என்றுதான் கேட்பார்.

எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும், மோசமான இடமும் சுற்றி வரும். ஒரு நாள் மீன் படவில்லை என்பதால் ஒரே குடும்பம் முறிந்துபோவதில்லை. எந்தப் பயிலரங்கமும் கற்றுத் தராத தாங்கும் திறன் இது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் மேடாக மேடாக, முறை வைத்துக்கொள்வதற்கான இடங்கள்தாம் குறைந்துகொண்டே வருகின்றன.