சூதாடியின் கடனும் பெண்டாட்டியின் கையெழுத்தும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட விஷயம் மக்களே.

எங்க தெருவுல ஒரு அக்கா இருந்தாங்க. வீட்டுக்காரருக்கு லாட்டரிப் பைத்தியம். 2003-ல தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினதும் நாங்க எல்லாம் சந்தோஷப்பட்டோம். மனுஷன் சீட்டாட்டத்துக்கு மாறிட்டார். வளையல், சங்கிலின்னு ஒவ்வொண்ணா அடகுக்கடைக்குப் போச்சு. கடைசியில அக்கா விவாகரத்து கேஸ் போட்டாங்க. அப்ப தெருவுல ஒரே பேச்சு: "அந்தாளு வாங்கின கடன் இவ தலையில விழுமா?"

கேள்வி எவ்வளவு பழசுன்னு தேடப் போனேன். ரிக் வேதம் பத்தாவது மண்டலத்துலயே ஒரு சூதாடி புலம்புறான். பெண்டாட்டி வெறுக்குறா. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க எல்லாரும் அவனைத் தெரியாதுன்னு கைகழுவிடறாங்க. கைகழுவினா கடன் போயிடுமா?

இதுக்குப் பதில் சொன்னது ஸ்மிருதிகள். மனுன்னாலே நமக்குள்ள சண்டை வரும், தெரியும் :-) ஆனா அப்பன் சூதாடியும் குடிச்சும் வச்ச கடனை மகன் அடைக்க வேண்டியதில்லைன்னு அதுல இருக்கு. யாக்ஞவல்கியர் இன்னும் ஒரு படி மேல போறார். புருஷன் கடனுக்குப் பெண்டாட்டி பொறுப்பில்லை, குடும்பத்துக்காக வாங்கினதைத் தவிர. அவளே ஒத்துக்கிட்டதும், புருஷனோட சேர்ந்து வாங்கினதும், தானே வாங்கினதும் மட்டும் அவ கட்டணும். (இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.) அவளோட நகையைப் புருஷன் எடுத்துட்டுத் திருப்பித் தராம இருக்கலாம்னு நாலே சந்தர்ப்பம் சொல்றார்: பஞ்சம், தர்ம காரியம், நோய், சிறை. சூது அந்தப் பட்டியல்ல இல்லை!

அவர் நூலுக்கு விஞ்ஞானேஸ்வரர் எழுதின உரைதான் மிதாக்ஷரம். பிரிட்டிஷ் காலத்து மெட்ராஸ் கோர்ட்டுகள் வரைக்கும் அதை வச்சுத்தான் தீர்ப்பு சொன்னாங்க.

ஆனா கடன் ஒட்டாதுன்னு சொன்ன சாஸ்திரம், அந்தப் புருஷனை விட்டு விலக வழி சொல்லலை. சில ஜாதிகள்ல வழக்கப்படி அறுத்துக் கட்டுறது உண்டு, அவ்வளவுதான். மெட்ராஸ் மாகாணத்துல 1949-ல ஒரு விவாகரத்துச் சட்டம் வந்தது. 1955-ல நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம். அதுலயும் சூதாட்டம் தனிக் காரணம் கிடையாது. 1976 திருத்தத்துல 'கொடுமை' சேர்ந்த பிறகுதான் அதுக்குள்ள கொண்டு வந்து வாதாட வழி கிடைச்சது.

சினிமாவுல காட்டுற மாதிரி சொத்தைப் பாதிப் பாதியா பிரிக்கிற ஏற்பாடு அந்தச் சட்டத்துல இல்லை. அதனால கடனும் பாதியா பிரியாது. வாங்கினவருக்கே கடன்.

பந்தயப் பணத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 30-வது பிரிவு சொல்லுது. நகை விஷயத்துல, சீதனம் பெண்ணுக்கே சொந்தம், புருஷன் அதை அபகரிச்சா நம்பிக்கை மோசடின்னு 1985-ல பிரதிபா ராணி வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லிச்சு. யாக்ஞவல்கியர் சொன்னதைவிட கடுமை!

அப்போ அக்கா தப்பிச்சாங்களா? அதான் இல்லை.

வீட்டு ரிப்பேருக்குன்னு சொல்லி ஒரு புரோநோட்டுல அவர் அக்காகிட்டயும் கையெழுத்து வாங்கியிருந்தார். பணம் போனது சீட்டுக்கட்டுக்கு. விவாகரத்து கிடைச்சது, அந்தக் கடன் விடலை. தீர்ப்பு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுலதான், கடன் கொடுத்தவனுக்கு நோட்டுல இருக்கிற கையெழுத்துதான் கணக்கு. தையல் மெஷின்ல உக்காந்து நாலு வருஷம் கட்டினாங்க. நகைக்குக் கேஸ் போடலாமேன்னு கேட்டேன். "ரசீது யாருகிட்ட தம்பி இருக்கு?"ன்னாங்க.

'புருஷனோட சேர்ந்து வாங்கினது.' அத்தனை நூற்றாண்டுக்கு முந்தின அந்த ஒரு வரி, எங்க தெருவுல தையல் மெஷின் சத்தமா கேட்டுச்சு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கேஸ் இருந்தா நல்ல வக்கீலைப் பாருங்க. கையெழுத்துக் கேட்டா, முழுசாப் படிச்சுட்டு பேனாவை எடுங்க.