வால்விங்

ஜலகண்டாபுரம் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் 'ஷாக்அப்சர் போச்சு' என்றால் பெரும்பாலும் ஆயில் கசிந்துவிட்டது என்று பொருள். பந்தயக் காரில் அதே உறுப்பைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி வேறு: 'வால்விங் என்ன?'

'வால்வு' என்ற சொல்லின் வேரான லத்தீன் 'வால்வா' என்பது மடக்குக் கதவின் ஒரு பலகை. வால்வைத் தமிழில் தடுக்கிதழ் என்கிறோம். ஷாக்அப்சருக்குள் இருப்பதற்கு அது கச்சிதமான சொல். ஆயில் நிறைந்த குழாய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் துளைகள் இருக்கும். அவற்றை மூடியபடி மெல்லிய எஃகு வளையத் தகடுகள். ஆயில் முட்டும்போது தகடு வளைந்து வழிவிடும். தகடு தடித்தால் எதிர்ப்பு கூடும். இந்தத் தகடு, துளை அமைப்புதான் வால்விங்.

அமுங்கும்போது வரும் எதிர்ப்பு 'பம்ப்', நீளும்போது வருவது 'ரீபவுண்ட்'. அமெரிக்க வட்டத்தடப் பந்தயங்களில் வால்விங் 3-5 என்றால் பொதுவாக அமுங்க 3, நீள 5. எண் கூடினால் இறுக்கம். ஆனால் இது கிலோவும் அல்ல, நியூட்டனும் அல்ல. அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவுகோல். ஒரு கம்பெனியின் 5 இன்னொன்றின் 5 ஆகாது. நம்ப வேண்டியது, பிஸ்டன் வேகத்துக்கு எவ்வளவு விசை என்று காட்டும் டைனோ வரைபடத்தைத்தான்.

'ஷாக் அப்சார்பர்' என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது இது. பிரிட்டனில் 'டேம்பர்' என்பார்கள். எனக்கு 'ஆட்டமடக்கி' பிடிக்கும். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயின் வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டிரோல் பாரும் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாகச் சாயும் என்பது வால்விங்கின் பொறுப்பு.