மலையகத் தோட்டங்களும் வாய்ப்புற்றுநோய் ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் நோய்களை ஆராய்வோர் அச்சமூகத்தின் உழைப்பையும் ஆராய வேண்டியவராவர். இலங்கையின் மலையகத்தில் வாய்ப்புற்றுநோய் பெற்றுள்ள இடம் இதற்குத் தக்க சான்றாகும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் ஹற்றன், நுவரெலியா மலைச்சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாயின. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்து அங்குக் குடியேறிய தொழிலாளர் தம்முடன் வெற்றிலை போடும் வழக்கத்தையும் கொண்டுவந்தனர். இவ்வழக்கம் சிங்கள மக்களிடையேயும் தொன்மையானதே. எனினும் குளிரிலும் மழையிலும் நாள் முழுதும் கொழுந்து பறிப்போருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன உடலுக்குச் சூடு தந்து பசியை மறக்கச் செய்யும் துணையாயின. மங்கல நிகழ்ச்சிகளுக்குரிய தாம்பூலம் இவ்வாறு உழைப்பின் தேவையாகவும் மாறியது.

இவ்வழக்கத்திற்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பு தமிழ் நிலத்திலேயே முற்பட உணரப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனை அன்று தென் திருவிதாங்கூரில் இருந்தது. அங்குக் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிப் பென்ரல் என்பார் 1908இல் எழுதினார். 1933இல் ஓர் என்னும் மருத்துவர் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றுநோயைத் தனியே ஆராய்ந்தார். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையும், 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையும் புற்றுநோய் விளைப்பனவென அறிவித்தது. மத்திய இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வும் வெற்றிலை மெல்லலையே முதன்மைக் காரணியாகக் கண்டது.

ஆயினும் வெற்றிலை மெல்வோர் அனைவரும் நோயுறுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடியபோதே மரபணு ஆய்வு தொடங்கியது. புகையிலையிலும் பாக்கிலுமிருந்து தோன்றும் நைத்திரசமைன்கள் உடலிலுள்ள நொதியங்களாற் செயற்படுத்தப்பட்ட பின்னரே உயிரணுவுக்கு ஊறு செய்கின்றன. அத்தகைய நொதியமொன்றை ஆக்கும் சி.வை.பி.2ஏ6 என்னும் மரபணு சிலரிடம் பிறப்பிலேயே இல்லை. இலங்கையில் வெற்றிலை மெல்வோரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வொன்று, இம்மரபணு இல்லாதோர்க்கு வாய்ப்புற்றுநோய் ஏற்படும் வாய்ப்புக் குறைவெனக் காட்டியது. அதற்கு முன்னர், 1998இல், இலங்கை நோயாளரின் கட்டிகளில் பி53 என்னும் மரபணுவின் பிறழ்வுகள் ஆராயப்பட்டிருந்தன. முன்னையது பிறப்பில் வருவது. பின்னையது வாழ்நாளிற் கட்டியினுள் நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தவறாகும்.

இவ்வகைக் குறிகள் சிகிச்சையின் பயனை முன்னறிவிக்குமா என்பது அடுத்த வினா. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 420 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வில், பி53 கடுமையாகச் சிதைந்த கட்டியுடையோர் சத்திரசிகிச்சையின் பின் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தமை புலனாயிற்று. எனினும் வாய்ப்புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் கட்டியின் பருமனும் நிணநீர்க் கணுக்களுக்கு அது பரவிய அளவுமே இன்றும் முதன்மை பெறுகின்றன. சுருங்கக் கூறின், நோயாளி எப்போது மருத்துவரிடம் வந்து சேர்கிறார் என்பதே பெரிதும் முடிவு செய்கின்றது.

இவ்விடத்தில் 1984இல் வெளியான மற்றோர் இலங்கை ஆய்வு நினைவுகூரற்பாலது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் ஓராண்டில் கிராமப்புற மக்கள் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்து, 1,220 பேரிடம் ஐயத்திற்குரிய அடையாளங்களைக் கண்டனர். மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்ட அவர்களுள் வந்தோர் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே. கண்டறிதல் இயன்றது, வந்து சேர்தலே அரிதாயிற்று. நாட்சம்பளத்தை இழந்து, லயனிலிருந்து நெடுந்தூரம் சென்று மருத்துவரைக் காணவேண்டிய தோட்டத் தொழிலாளிக்கு இத்தடை இன்னும் பெரிதென்பதை உய்த்துணரலாம்.

நோயின் காரணத்தை மரபணுவில் மட்டும் தேடின், அதனை அம்மக்களின் பிறவிக் குறையெனக் கருதும் தீங்கு நேரலாம். மரபணு ஆய்வு வளர்தல் வேண்டும். அதன் பயன் தோட்ட மக்களையும் அடைதல் வேண்டும். ஆனால் வாயில் தோன்றும் வெண்படலத்தை அறிய ஒளியும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். அவ்வெளிய பரிசோதனை ஒவ்வொரு தோட்டத்தையும் எட்டுவதும், சம்பள இழப்பின்றித் தொழிலாளர் வைத்தியசாலை செல்ல வழியமைவதுமே மலையகத்தின் முதற்றேவையாகும்.