பேர் விழுந்த நாட்கள்: கொத்மலைப் பக்கத்து ரசிகர்கள் பற்றி ஒரு சின்ன வரலாறு

2017 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. காய்ச்சல் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போகாமல் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன். லிங்கின் பார்க் பாடகர் செஸ்டர் பெனிங்டன் முதல் நாள் அமெரிக்காவில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு 41 வயது. எனக்கு 14.

அப்பாயி பதறிப்போய் வந்து கேட்டார், "யாருடி செத்தது?"

"பாட்டுப் பாடுற ஒருத்தர் அப்பாயி."

"நம்ம ஆளா?"

"இல்ல, வெள்ளக்காரரு."

அப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எம்.ஜி.ஆர் செத்தப்ப நான் மொட்ட போட்டேன் பாப்பா. வேலைக்கும் போகல. ரெண்டு பேர் போச்சு."

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி புரியாது. இரண்டு ஆட்கள் எங்கேயோ போனதாக நினைப்பீர்கள். தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் பெயரே 'பேர்'தான். செக்ரோலில் அன்றைக்கு உங்கள் பெயர் பதிவானால் பேர் விழுந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசனின் பெயரும் அவனது ஒருநாள் கூலியும் ஒரே சொல்லாக இருக்கிற இடம் எங்கள் ஊர். தாத்தா ஒரு நடிகருக்காக இரண்டு பேரை விட்டிருக்கிறார். அப்போது அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியாது.

இப்போது நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். உள்ளூர் வரலாறு பற்றி ஒரு கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டபோது "மலையகத்தில் ரசிகர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். "இது பொழுதுபோக்கு, வரலாறு இல்லை" என்று பதில் வந்தது. வேறு தலைப்பில் எழுதி மார்க்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'ஃபேன்' என்ற ஆங்கிலச் சொல் வெறியர் என்று பொருள்படும் 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்போல் பார்க்கப் போனவர்களைக் குறிக்கப் பரவியது. தமிழில் நமக்கு 'ரசிகர்' இருக்கிறது. அதோடு இன்னொரு சொல்லை வானொலி பழக்கிவிட்டது: நேயர். நேயம் என்றால் அன்பு. ஆங்கிலக்காரன் வெறியைப் பார்த்த இடத்தில் நம்ம ரேடியோ அன்பைப் பார்த்திருக்கிறது.

1965க்குப் போவோம். அந்த வருசம் ஆகஸ்ட் 15 அன்று நியூயோர்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடினார்கள். ஏறக்குறைய 55,600 பேர் வந்தார்கள். கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுக் கேட்கவில்லை. ரொக் இசை ரசிகர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த நாளைத் தவறவிடுவதில்லை.

அதே 1965இல் எம்.ஜி.ஆர், சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தார். அவர் பிறந்ததே இந்தப் பக்கம்தான். 1917 ஜனவரி 17, நாவலப்பிட்டி. கொத்மலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். ஆகவே எங்கள் தோட்டங்களில் அவர் 'இந்திய நடிகர்' கிடையாது, ஊர்க்காரர். 19 வயதுத் தாத்தா இரண்டு கூட்டாளிகளோடு நுவரெலியா போய் கூட்டத்தில் நசுங்கி, தூரத்தில் ஒரு கையசைப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தாராம்.

"வெள்ளத் தொப்பி தெரிஞ்சிச்சு பாப்பா" என்பார். அங்கேதான் பிரச்சினை. அந்தத் தொப்பி எம்.ஜி.ஆரோடு ஒட்டிக்கொண்டது 'அடிமைப்பெண்' (1969) காலத்துக்குப் பிறகு. 1965இல் தாத்தா தொப்பியைப் பார்த்திருக்க முடியாது. பிறகு பார்த்த படங்களிலிருந்து எடுத்து அந்தத் தலையில் வைத்திருக்கிறார். நான் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சரி, தொப்பிய எடுத்துரு. ஆனா நான் போனது நெசம்" என்றார். வாய்மொழி வரலாற்றை எப்படிக் கையாள்வது என்று வகுப்பில் படித்ததைவிட இந்த ஒரு வரியில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முதல் வருசத் தேர்தலில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்கில்லாமல் நின்றார்கள். பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது 1974இல்.

ஒப்பந்தம் நடந்து ஒரு வருசம் ஆகும்போதுதான் எம்.ஜி.ஆர் வருகிறார். யார் போவது, யார் இருப்பது என்று லயத்துக்கு லயம் பேச்சு. அந்த வருசம் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்', பிடித்துத் தீவொன்றுக்கு அடிமைகளாக விற்கப்பட்ட கூட்டத்தின் கதை. தோட்டத்துச் சனம் அந்தப் படத்தில் எதைப் பார்த்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ரேடியோ. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படைகளுக்காக வைத்த பலமான சிற்றலை ஒலிபரப்பி கொழும்பின் கையில் இருந்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஓல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தார். பாட்டுக் கேட்க விரும்பிய இந்தியா முழுக்கக் கொழும்பின் பக்கம் திரும்பியது. டில்லி விழித்துக்கொண்டு 1957இல் விவித பாரதி தொடங்குவதற்குள், இலங்கை வானொலி தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் குடிபோய்விட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களுக்கே ரசிகர்கள் உருவானார்கள். 'பொங்கும் பூம்புனல்', 'பாட்டுக்குப் பாட்டு' என்று சொன்னாலே எங்கள் தாத்தாமார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. பெட்டரி இறங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் வெயிலில் காயவைப்பார்களாம். எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக் கரையில் வைத்துச் சூடாக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவாராம். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வாசலில் வந்து குந்தியிருந்து கேட்பார்கள்.

அதோடு போஸ்ட்கார்ட். விரும்பிய பாட்டை எழுதி, பெயரும் தோட்டமும் போட்டு அனுப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் வாசிப்பார்கள். தாத்தா ஒரு மொனிட்டர் கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறார். என்றைக்கு அனுப்பினது, என்ன பாட்டு, வாசித்தார்களா இல்லையா. வாசித்தால் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். 1969இலிருந்து 1977 வரை. நூற்றுப் பதினெட்டு கார்டு. சரி அடையாளம் முப்பத்தொன்று.

அந்தக் கொப்பியை முதல் தரம் பார்த்தபோது எனக்கு என் கொப்பி ஞாபகம் வந்தது. நானும் லிங்கின் பார்க் பாட்டு வரிகளைக் கொப்பியில் எழுதி, அர்த்தம் தேடி, எந்த அல்பம், எந்த வருசம் என்று பக்கத்தில் குறித்து வைத்தவள். 'ஹைபிரிட் தியரி' 2000, 'மெட்டியோரா' 2003. கொழும்பில் போன் கடையில் வேலை செய்த மச்சான் சிப்பில் ஏற்றிக்கொடுத்த பாட்டுகள். பைத்தியம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். பைத்தியம் இரத்தத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் தாத்தாவின் கொப்பியில் இன்னொரு விசயம் இருந்தது. 1972க்குப் பிறகு பல கார்டுகளில் 'கூடலூர் அக்காவுக்கு' என்று எழுதியிருக்கிறது.

தாத்தாவின் அக்கா கல்யாணம் கட்டிப்போன வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். எங்கள் வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர்கள். 1972இல் அக்கா குடும்பம் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, நீலகிரியில் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. தேயிலையை விட்டுப் போய் மறுபடி தேயிலை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க என்றே தமிழ்நாடு அரசு அங்கே 'டேன்டீ'யை 1968இல் தொடங்கியிருந்தது.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. தாத்தாவுக்கு எழுதத் தெரிந்தாலும் அங்கே வாசித்துச் சொல்ல யாரையாவது தேட வேண்டும். ஆனால் கூடலூரில் இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும். அதனால் தாத்தா கொழும்புக்குக் கார்ட் போட்டார். அக்காவுக்குப் பிடித்த பாட்டு, கேட்டவர் தம்பி, இன்ன தோட்டம், கொத்மலை. பாட்டு வந்தால் தம்பி உயிரோடு சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மூன்று நிமிசம் ஒரு பாட்டு.

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எண்ணிக்கையில் பிரித்த குடும்பத்தை, ஒரு நேயர் விருப்ப நிகழ்ச்சி கொஞ்ச நேரம் சேர்த்து வைத்திருக்கிறது. இன்னொன்றும் யோசித்தேன். அந்தக் காலத்தில் தாத்தாவின் கையில் அடையாள அட்டை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. அவரது பெயர் பதிவான ஒரே இடம் தோட்டத்துச் செக்ரோல். அதற்கு வெளியே அவரது பெயரைத் தோட்டத்தின் பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்ன முதல் அரச நிறுவனம் வானொலிதான். அந்த முப்பத்தொரு சரி அடையாளமும் அவருக்கு விழுந்த முப்பத்தொரு பேர்.

கொப்பி 1977 ஆகஸ்டோடு நிற்கிறது. அந்த மாத வன்செயலில் லயத்தை விட்டு இரவில் தேயிலைக்குள் ஓடியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ரேடியோ இல்லை. கொப்பி இடுப்பில் இருந்ததால் தப்பியது. அதன் பிறகு தாத்தா கார்ட் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "மனசு வரல" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பாவின் காலம் கெசட் காலம். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரனும், 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை எழுப்பிவிட்டிருந்தார்கள். 'சுராங்கனி' 1977இல் தமிழ்ப் படம் ஒன்றுக்குள்ளேயே போய்விட்டது. அப்பா நாவலப்பிட்டியில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிசக் கெசட்டில் ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் போனி எம் அடித்துக்கொண்டு வருவார்.

கொத்மலைக்கென்று ஒரு ரேடியோவும் வந்தது. மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணை 1985இல் முடிந்து, ஊர்களும் விகாரைகளும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இன்டர்நெட் இணைப்பு வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ரேடியோவில் விளக்குவார்கள். கூகுள் என்ற பெயரே தெரியாத காலத்தில் கொத்மலை செய்த வேலை இது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் சிங்களத்தில் ஒலித்த அந்த ரேடியோவில் எங்கள் வீட்டு முள் நிற்கவில்லை. தூரத்துக் கொழும்பு தாத்தாவின் பெயரைச் சொன்னது. பக்கத்துக் கொத்மலை சொல்லவில்லை.

2017க்குத் திரும்புகிறேன். அக்டோபர் 27 இரவு லொஸ் ஏஞ்சலஸ் ஹொலிவூட் போவ்லில் செஸ்டருக்கு அஞ்சலி நிகழ்ச்சி. எங்களுக்கு மறுநாள் காலை. அம்மாவின் போனில் டேட்டா போட்டு யூடியூப்பில் பார்த்தேன். 'நம்ப்' பாட்டு வந்தபோது மேடையில் யாரும் பாடவில்லை. மைக் ஸ்டாண்டில் பூ வைத்து வெளிச்சம் போட்டிருந்தார்கள். பாட்டைச் சனமே பாடியது. பக்கத்தில் இருந்து பார்த்த தாத்தாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "அந்த எடத்துல அவரு நிக்கிறாருன்னு நெனச்சுப் பாடுறாங்க, என்னா?" என்று மட்டும் கேட்டார். ஆமா தாத்தா, அதேதான்.

2024இல் எமிலி ஆம்ஸ்ட்ரோங்கைப் பாடகியாக வைத்து லிங்கின் பார்க் திரும்பி வந்தது. சரியா பிழையா என்று நானும் சண்டை பிடித்தேன். இப்போது அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கொப்பிகளில்தான் கவனம்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிந்தது. குடியுரிமை பற்றி நூல்கள் இருக்கின்றன, ஒப்பந்த எண்ணிக்கைகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள் மாலையில் என்ன கேட்டார்கள், யாருக்காக அழுதார்கள், யாருக்குப் பாட்டு அனுப்பினார்கள் என்பது லயத்துப் பெட்டிகளில் கறையான் அரித்துக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் கொப்பியிலும் கடைசி நாலு பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழியும். மற்ற பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தாத்தாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கூடலூர் அக்கா 2009இல் காலமாகிவிட்டார். நீங்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க யாரோட ரசிகர்?" சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், பிறகு சொல்லத் தொடங்குவார்கள். தொப்பி பிழையாக இருக்கலாம். பரவாயில்லை, எழுதி வையுங்கள்.